தை மாதம் பூநாரை, நெடுந்தீவுக் குதிரை: எங்க, எந்த நேரம்?

கடலோரம்:
தை கடைசியில மூண்டு நாள் யாழ்ப்பாணத்தில நிக்கிறம், ரெண்டு சின்னப்பிள்ளையளோட. வாகனம் இல்லை, ஓட்டோதான். 8×42 பைனாகுலர் இருக்கு. பூநாரை கட்டாயம் பாக்கோணும். ஆனையிறவுக்குப் போறதா, யாழ் நகரில இருந்து தீவுப்பக்கம் போற பண்ணைப் பாலமே காணுமா? நெடுந்தீவை ஒரு நாளில முடிக்கலாமா?

வல்லைவெளி:
இடத்தை விடத் தண்ணி மட்டத்தைப் பாருங்கோ. பூநாரை அலகைத் தலைகீழாப் பிடிச்சு, காலால சேத்தைக் கலக்கி, வடிச்சுத் தின்னிற பறவை. ஆழம் குறைஞ்ச தண்ணிதான் அதுக்குத் தோது. எங்கட களப்பில வத்துப்பெருக்கு (கடல்தண்ணி ஏறி இறங்கிறது) சொற்பம். ஆழத்தைக் கூட்டிக் குறைக்கிறது மாரி மழையும் காத்தும். மார்கழியில மழை கொட்டினால் கூட்டம் சிதறும், தண்ணி இறங்கத் திரும்பச் சேரும். அதால நீங்கள் வாற நேரம் நல்லம். ஆனால் போன கிழமை நிண்ட இடத்தில இந்தக் கிழமை நிக்காது. போறதுக்கு முதல் நாள் பின்னேரம் வலை வீசுறவையிட்ட விசாரியுங்கோ.

பூநாரைக்கு ஆனையிறவு. பண்ணையில உள்ளான், ஆலா, கடற்காகம். விடிய ஆறரைக்கே இடத்தில நிக்கோணும். ஒன்பது தாண்டினால் கானல் எழும்பி, எந்தப் பைனாகுலரிலயும் கால் எது கழுத்து எது எண்டு தெரியாது. பண்ணையில காலமை தீவுப்பக்கம் போகேக்க வலக்கைப் பக்கம் பாருங்கோ, வெயில் முதுகுக்குப் பின்னால விழும்.

கிட்டப் போகாதேங்கோ. தின்னுறதை விட்டிட்டு எல்லாம் ஒண்டாத் தலையை நிமித்தினால் அதோட நில்லுங்கோ. அடுத்ததா ஒரே பக்கம் நடக்கும், பிறகு பறக்கும். களப்புச் சேறும் ஏமாத்தும்: மேல காய்ஞ்சு வெடிச்சிருக்கும், உள்ள முழங்கால் வரை புதையும். ஆனையிறவு, முகமாலைப் பக்கம் சிவப்பு மிதிவெடிப் பலகை கண்டால் தார் ரோட்டை விட்டு ஒரு அடியும் இறங்கக்கூடாது.

குறிகட்டுவான்:
நெடுந்தீவு ஒரு நாளில முடியும், முதல் படகைப் பிடிச்சால். குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து ஒரு மணித்தியாலம் அளவில ஓடும். இறங்கின கையோட கடைசிப் படகு எத்தனை மணிக்கு எண்டு கேளுங்கோ. தவறினால் இரவு அங்கதான். தையில வாடைக்காத்து இருக்கும், பிள்ளையளுக்கு வெறும் வயித்தில படகு வேண்டாம்.

கட்டாக்காலிக் குதிரையள் தீவின்ர தெற்குப் புல்வெளியில. கோடையில தண்ணி தேடி ஒரு இடத்தில கூடும், கண்டுபிடிக்கச் சுகம், ஆனால் எலும்பும் தோலுமா நிக்கும். மாரி முடிய எங்கயும் புல்லு, அதால பரந்து மேயும். உள்ளூர் ஓட்டோக்காரர் இல்லாமல் அலைச்சல்தான். முப்பது மீற்றர் தள்ளியே நில்லுங்கோ, பின்பக்கமாப் போனால் உதைக்கும். பாண், பிஸ்கட் குடுக்காதேங்கோ. பொலித்தீனோட விழுங்கும்.

கடலோரம்:
நன்றி. தூரத்தில வெள்ளையா நிக்கிறதெல்லாம் பூநாரையோ?

சங்குவளை:
இல்லை. முக்கால்வாசி கொக்கு. பறக்கேக்க கொக்கு கழுத்தை மடிச்சுக்கொள்ளும். பூநாரை கழுத்தையும் காலையும் ஒரே கோடா நீட்டும், செட்டை விரிஞ்சால் கடுஞ்சிவப்பும் கறுப்பும் தெரியும். மஞ்சள் மூக்கு நாரையும் கழுத்தை நீட்டித்தான் பறக்கும், வால்பக்கம் ரோஸ் நிறமும் இருக்கும். கன பேர் அதைத்தான் படம் எடுத்துப் பூநாரை எண்டு போடுகினம். அலகைப் பாருங்கோ: நாரைக்கு நீளமான தடிச்ச மஞ்சள் அலகு, பூநாரைக்கு நடுவில முறிஞ்ச மாதிரி வளைஞ்சு நுனி கறுப்பு. சாம்பல் நிறமா கூட்டத்துக்குள்ள நிண்டால் அது இளசு, ரோஸ் நிறம் வர வருசக்கணக்காகும்.


வல்லைவெளி:
ட்ரோன் கொண்டு வராதேங்கோ. அனுமதி ஒரு பக்கம். சத்தம் கேட்டாலே முழுக் கூட்டமும் எழும்பி அடுத்த கரைக்குப் போயிடும்.