இரட்சிக்கப்பட்ட நாள் தெரியாத அம்மாவும் விசுவாசமும்

கேள்வி (பாலக்கோடு):
என் அம்மா கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே திருமுழுக்குப் பெற்றவர். எழுபது வயதைக் கடந்த பின்னும் நாள் தவறாமல் செபமாலை சொல்கிறார். துணையில்லாத நோயாளிகளைத் தேடிச் சென்று கஞ்சி கொடுக்கிறார். ஓசூரில் பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்லும் என் அக்காவின் கணவர், சென்ற மாதம், “அத்தை, நீங்கள் எந்த நாளில் இரட்சிக்கப்பட்டீர்கள்?” என்று கேட்டார். அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்றால் தான் இத்தனை காலம் செய்ததெல்லாம் வீண்தானா என்று அன்று முதல் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அவருக்கு என்ன சொல்வது?

பதில் 1 (ஓசூர்):
சகோதரி, நானும் உங்கள் அத்தானைப் போலச் சபையில் சாட்சி சொல்லி வளர்ந்தவன். அவர் அக்கறையினால்தான் கேட்டிருப்பார். தமஸ்குவுக்குப் போகும் வழியில் பவுலுக்கும், பிலிப்பி பட்டணத்தில் ஒரே இரவில் சிறைச்சாலைக்காரனுக்கும் நேர்ந்த மாற்றத்தைப் படித்துப் படித்து, எல்லாருக்கும் அப்படி ஒரு நாள் இருக்கவேண்டும் என்று நாங்கள் எண்ணிவிடுகிறோம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் 1738 மே 24 என்று ஒரு நாள் இருந்தது. ஆனால் அதே பவுல், தம் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் முதலில் இருந்த விசுவாசமே அவனிடத்திலும் இருக்கிறது என்று மகிழ்கிறாரே தவிர, அது எந்த நாளில் வந்தது என்று விசாரிப்பதில்லை. வீட்டிலேயே ஊறிய விசுவாசத்தையும் வேதம் மெய்யான விசுவாசமாகவே ஏற்கிறது.

நாளைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு, யாரை நம்பியிருக்கிறார் என்று அம்மாவிடம் கேளுங்கள். தம் செபமாலையின் எண்ணிக்கையை நம்பியிருக்கிறார் என்றால் அன்போடு திருத்த வேண்டும். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஒரு நற்செயலுக்குக்கூட நேரம் இருக்கவில்லை. “என்னை நினைத்தருளும்” என்று வேண்டினான், பரதீசைப் பெற்றான். அம்மாவும் அவனைப் போல இயேசுவையே நம்பியிருந்தால் அவர் கலங்கத் தேவையில்லை.

பதில் 2 (தருமபுரி, மறைக்கல்வி ஆசிரியர்):
ஓசூர் அன்பர் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். கத்தோலிக்கர்கள் நற்செயல்களால் விண்ணகத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் நம் பகுதியிலும் பரவலாக இருப்பது எனக்கு வருத்தமே. கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல், தன் செயல்களாலேயே ஒருவர் கடவுள்முன் நீதிமானாக முடியும் என்னும் கருத்தை, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நாம் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுவது நம் தகுதியால் அன்று, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் நம்பிக்கையில், அருளால் மட்டுமே என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிடுகிறது. அதனால் எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை; மீட்பின் நிச்சயம், நற்செயலுக்கு உண்டாகும் பலன் ஆகியவை குறித்து இன்றும் வேறு வேறு விதமாகவே பேசுகிறோம்.

உங்கள் அம்மா கைக்குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றபோது அவர் செய்த செயல் என்ன? ஒன்றுமில்லை. அருளே முந்திக்கொள்கிறது என்பதற்கு எங்களிடம் இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அவர் கொடுக்கும் கஞ்சி அந்த அருளுக்குச் செலுத்தும் விலையன்று, அந்த அருள் அவருக்குள் வேலை செய்வதன் விளைவு. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வலப்பக்கம் நிற்பவர்களும், “ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?” என்றுதான் கேட்கிறார்கள். அவர்களும் நாள் குறித்து வைத்திருக்கவில்லை.

பதில் 3 (கிருஷ்ணகிரி):
செயலில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபின் நிருபத்தையும் சேர்த்துப் படியுங்கள். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று பவுல் எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். யாக்கோபு அதையும் சொல்லி, ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைத்த 22ஆம் அதிகாரத்தையும் காட்டுகிறார். இரண்டுக்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. முன்பு எண்ணப்பட்ட விசுவாசம் பின்பு செயலில் வெளிப்பட்டது, அவ்வளவே. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவர் எச்சரிப்பது வாயளவில் நிற்பவர்களை. உங்கள் அம்மாவைப் போன்றவர்களை அன்று.

ஒன்றில் மட்டும் ஆசிரியர் ஐயாவிடமிருந்து நான் மாறுபடுகிறேன். மீட்பின் நிச்சயத்தை ஒரு வேறுபாடு என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. நித்திய ஜீவன் உங்களுக்கு உண்டென்று நீங்கள் அறியும்படிக்கே எழுதினேன் என்கிறார் யோவான். அந்த வயதில் ஒரு தாய்க்கு அந்த நிச்சயம் அவசியம் வேண்டும்.

பாலக்கோடு:
மூவருக்கும் நன்றி. தீமோத்தேயு நிருபத்தை இன்று மாலையே அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அத்தான் அடுத்த முறை வரும்போது, அவரையே அதை அம்மாவுக்கு மறுபடியும் வாசிக்கச் சொல்லப் போகிறேன்.