புதுப்பிப்பு: தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி

தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கியின் வயதையும் மதிப்பையும் பற்றி முன்பு கேட்டிருந்தேன். உங்கள் ஆலோசனைப்படி உரிமம் பெற்ற துப்பாக்கி வல்லுநரிடம் கொடுத்துக் குழல்களைக் கழற்றிப் பார்த்ததில், அடிப்பக்கத்தில் கிரீடத்தின் கீழ் குறுக்கிட்ட செங்கோல்களும், சாய்சதுரத்துக்குள் 12, சி என்ற, தோட்டா அறையின் அளவைக் காட்டும் குறியும் தெரிந்தன. செங்கோல் முத்திரையை, துப்பாக்கிக் குழல்களின் உறுதியைச் சோதித்து முத்திரையிடும் இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச்சாலை 1904-இல் கைவிட்டது. சாய்சதுரக் குறி 1887-இல்தான் வந்தது. ஆகவே இது அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் சோதிக்கப்பட்டது.

எண்ணெய்த் துணியால் துடைத்ததும், இரும்பும் எஃகும் முறுக்கி உருவான டமாஸ்கஸ் வரிகள் நீரலைபோல் மேலெழுந்தன, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையிலா வெடிமருந்தைத் தாங்கும் எனக் காட்டும் சோதனைக் குறி இல்லாததால் அவற்றை இதில் போடவே கூடாது. தயாரிப்பாளர் பெயரும் இல்லை. எனவே விலை, குழல் சுவரின் தடிமனையும் பழைய மெருகையும் பொறுத்தே அமையும். அந்தப் பழைய மெருகு போய்விடும் என்பதால் புதிதாக மெருகேற்ற மாட்டேன்.