ஊடக அறிவு வகுப்பு எடுத்தவர்களின் அனுபவங்கள்: உங்கள் வகுப்பில் நடந்ததையும் எழுதுங்கள்

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்:

நான் எப்போதும் சுறா படத்தில்தான் ஆரம்பிப்பேன். வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில் காரை ஒட்டி சுறா நீந்துமே, அந்தப் படம். 2011-இல் ஐரீன் புயல் வந்தபோது போர்ட்டோ ரிக்கோ என்று சுற்றியது, 2017-இல் ஹார்வி புயலுக்கு ஹூஸ்டன் என்று சுற்றியது, அப்புறமும் வேறு வேறு ஊர்ப் பெயரோடு வந்துகொண்டே இருக்கிறது. இது உண்மையா என்று கேட்டால் பிள்ளைகள் படத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். தண்ணீரின் நிறம், நிழல் விழும் பக்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஆனால் முடிவுக்கு வரமுடியாது. சரி, படத்தை வைத்தே தேடுங்கள் என்று விட்டால் கொஞ்ச நேரத்தில் அசல் கிடைத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு கயாக் படகின் பின்னாலேயே வரும் வெள்ளைச் சுறா, தாமஸ் பெஷாக் எடுத்த புகைப்படம். அதில் இருந்த சுறாவைத்தான் வெட்டிச் சாலையில் ஒட்டியிருக்கிறார்கள்.

இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: அந்த இணையப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து யோசிக்காதே, வெளியே போய் விசாரி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றறிஞர்களும் கல்லூரி மாணவர்களும்கூட நல்ல லோகோவையும் இணைய முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள், செய்தி சரிபார்ப்பவர்களோ உடனே புதிய டேப்களைத் திறந்து இந்தத் தளத்தை நடத்துவது யார் என்று தேடப் போய்விட்டார்கள். படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பழக்கிவிடாமல் எப்படி வரும்?

ஆனால் எனக்குக் கவலை தருவது வேறு. இப்படிப் பொய்யாகவே காட்டிக்கொண்டு போனால் கடைசியில் யாராவது ஒரு பையன், "அப்போ எல்லாமே ஃபேக்தான் சார்" என்பான். எதையும் நம்பாதவனை ஏமாற்றுவதும் சுலபம்தான், ஏனென்றால் நல்ல மருத்துவத் தகவலையும் அவன் அதே வேகத்தில் தள்ளிவிடுவான். அதனால் பொய்யைப் போலத் தெரிகிற உண்மைகளைப் பாதிக்குப் பாதி கலந்துதான் கொடுக்கிறேன். மொராக்கோவில் ஆர்கன் மரத்தின் கிளைகளில் ஆடுகள் நிற்கும் படத்தைக் காட்டினால் வகுப்பே ஒரே குரலில் போட்டோஷாப் என்கிறது. தேடிப் பார்த்தால் அந்தப் பழத்துக்காக ஆடுகள் நிஜமாகவே மரம் ஏறுகின்றன. இன்னும் கொஞ்சம் தேடிய ஒரு மாணவி, சுற்றுலாப் பயணிகளிடம் காசு வாங்குவதற்காகச் சிலர் ஆடுகளை மரத்தில் ஏற்றி நிறுத்துவதும் உண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அப்படியானால் இந்தப் படம் உண்மையா, ஏற்பாடா? அன்றைக்கு மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த வகுப்பு அது.

நடுநிலைப் பள்ளி ஆசிரியை:

ஆடு படத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன். என் பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள், அவர்களுக்குப் பொய்ச் செய்தியைவிட விளம்பரம்தான் பெரிய சிக்கல். 2016-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் இதே வயதினரில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள், 'ஸ்பான்சர்டு', அதாவது காசு கொடுத்துப் போட்டது என்று குறிப்பிட்டிருந்த விளம்பரத்தைச் செய்தி என்றே நினைத்தார்கள். என் வகுப்பில் பொம்மை பிரித்துக் காட்டும் வீடியோ ஒன்றைப் போட்டு, இந்தப் பொம்மையை இவருக்கு யார் கொடுத்திருப்பார்கள் என்று கேட்டேன். "அவங்க அம்மா மிஸ்" என்றது ஒரு குழந்தை, முழு நம்பிக்கையோடு. வீடியோவைத் திரும்ப ஓட்டி, ஓரத்தில் சில நொடிகள் வந்து மறையும் அந்தச் சின்ன எழுத்தில் நிறுத்திக் காட்டினேன். அதற்கப்புறம் எதைப் போட்டாலும் முதலில் அந்த எழுத்தைத்தான் தேடுகிறார்கள். கண்டுபிடித்தவன் ஓடிவந்து திரையைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட விதி.

பள்ளி நூலகர்:

இரண்டு பேரும் சொன்னதோடு வீட்டில் நடப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. வகுப்பில் கற்றுக்கொண்ட பிள்ளை நேராகப் போய்க் குடும்ப வாட்ஸப் குழுவில், "தாத்தா, இது பொய்" என்று எல்லார் முன்னாலும் போட்டுவிடுகிறது. தாத்தாவுக்குக் கோபம், அம்மாவுக்குச் சங்கடம், பிள்ளைக்குத் திட்டு. அடுத்த தடவை தெரிந்தாலும் வாய் திறக்காது. அதனால் சொல்லும் விதத்தையும் நாங்கள் நடித்துப் பழகுகிறோம். குழுவில் போடாமல் தாத்தா பக்கத்தில் போய் உட்கார், அந்த இரட்டை அம்புக்குறியைக் காட்டு, இது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம், முதலில் எழுதியவர் யார் என்று நமக்குத் தெரியாது, வாங்க தாத்தா சேர்ந்து தேடலாம் என்று கூப்பிடு. ஒரு பாட்டி இப்போது எதையும் அனுப்புவதற்கு முன் பேத்தியிடம் கேட்கிறார் என்று அந்தப் பெண்ணே வந்து சொன்னாள்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கு விரலை எண்ணிப் பார் என்று இன்னும் சில இடங்களில் சொல்லித் தருகிறார்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள். இப்போது விரல்கள் பெரும்பாலும் சரியாகவே வருகின்றன. இந்தப் படத்தை முதலில் வெளியிட்டது யார், வேறு யாராவது அந்த இடத்திலிருந்து இதைச் சொல்கிறார்களா என்ற பழைய கேள்விகள்தான் இங்கேயும் கைகொடுக்கின்றன.

எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு கணினி, வகுப்பு முழுவதும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆளுக்கொரு டேப் திறந்து தேட வழியில்லாத இடத்தில் வெளியே போய் விசாரிப்பதை எப்படிப் பழக்குகிறீர்கள்? தேடல் முடிவுகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.