இரும்புச்சத்து மாத்திரைக்கு அசையாத இரத்தச் சோகை: தலசீமியா பரிசோதனை அனுபவங்கள்

ஒரு தாய், சேலம்

முதல் கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 9.6 என்று இருந்தது. சத்துக் குறைவு என்று கூறி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை என்று வீட்டிலும் ஒன்றும் குறைவைக்கவில்லை. ஆயினும் அந்த எண் ஏறவே இல்லை. அடுத்து இரத்தம் கொடுத்த ஆய்வகத்தில் இருந்த மருத்துவர்தான், சிவப்பணுக்களின் எண்ணிக்கை 49 இலட்சம் வரை இருந்தும் அவற்றின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 62 மட்டுமே இருப்பதைக் கவனித்து, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. என்னும் பரிசோதனையைச் செய்யுமாறு குறிப்பு எழுதியனுப்பினார். அதில் ஹீமோகுளோபின் ஏ2 5.3 விழுக்காடு என்று வந்தது. எனக்குத் தலசீமியா மைனர் என்று, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா என்ற பரம்பரை நோயின் மரபணு மாற்றத்தைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றிருக்கிறேன் என்று, அன்றுதான் தெரிந்தது.

என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன். அவருக்கும் பரிசோதனை செய்தபோது அதே முடிவுதான் வந்தது. இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் சேர்ந்தால், தொடர்ந்து இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா மேஜர் குழந்தைக்கு வரக்கூடும். "நம்ம வீட்ல யாருக்கும் இப்படி ஒண்ணும் வந்ததில்லையே" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னார். மைனர் உள்ளவர்களுக்கு நோயென்று எதுவும் வெளியே தெரியாது என்பதை அவருக்கு விளக்குவது எளிதாக இல்லை. எங்கள் இருவரிடமும் எந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்று கண்டறிந்த பிறகே குழந்தையிடம் அதைத் தேட முடியும் என்பதால், அதற்கே சில வாரங்கள் சென்றன. பதினாறாம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்தார்கள். முடிவு கைக்கு வருவதற்குள் குழந்தையின் அசைவு எனக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. மகள் எங்களைப் போலவே மைனர் என்று அறிக்கை வந்தது.

மகப்பேறு மருத்துவர், மதுரை

சகோதரி குறிப்பிட்ட எம்.சி.வி. எண், கர்ப்பிணிகள் அனைவருக்கும் செய்யப்படும் முழு இரத்த அணுப் பரிசோதனையின் தாளிலேயே அச்சாகி வருகிறது. தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடும் வழக்கம்தான் சிக்கல். எம்.சி.வி. 80க்கும், ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஹீமோகுளோபின் அளவைக் காட்டும் எம்.சி.எச். 27க்கும் கீழே இருந்தால் எச்.பி.எல்.சி. கேட்பதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். ஏ2 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மைனர் என்று கருதுகிறோம். இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருந்தால் ஏ2 சற்றுத் தாழ்ந்து காட்டக்கூடும். எனவே எல்லைக்கோட்டில் நிற்கும் அறிக்கையை இயல்பானது என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மனைவியின் முடிவுக்காகக் காத்திராமல், ஐயம் எழுந்த அன்றே கணவரிடமும் இரத்தம் எடுத்துவிடுவது நல்லது. "எனக்கென்ன நோய், நான் எதுக்குக் கொடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு வராமலே போன கணவர்களைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காண்கிறேன். அவர்களால் வீணாகும் வாரங்கள் சிறியவை அல்ல. நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுக்கும் பரிசோதனையைப் பதினொன்றாம் வாரத்திலிருந்தே செய்யலாம். அந்தக் காலம் கடந்துவிட்டால் பனிக்குட நீருக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டிலும் கருச்சிதைவுக்குச் சிறிய வாய்ப்பு உண்டென்பதைத் தம்பதியரிடம் மறைக்காமல் கூறுகிறோம். இந்தப் பரிசோதனைகளுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுகிறோம். குழந்தையின் பாலினம் எவருக்கும் தெரிவிக்கப்படாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பெரிய பரிசோதனை என்று எண்ணி வரும் மாமனார்களும் உண்டு என்பது வேறு கதை.

ஒரு தாய், கோயம்புத்தூர்

எனக்கு 36 வயது என்பதாலும், டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்கும் டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையின் முடிவு 180இல் 1 என்று வந்ததாலும், கருப்பையில் ஊசி செலுத்தாமல் செய்யும் என்.ஐ.பி.டி. என்னும் பரிசோதனையைச் செய்துகொண்டேன். என் இரத்தத்தைக் கொண்டே குழந்தையின் மரபணுவைப் பார்க்கிறார்கள் என்றதும், எல்லா மரபணு நோய்களும் அதில் தெரிந்துவிடும் என்றே நம்பினேன். வழக்கமான என்.ஐ.பி.டி., டவுன் சிண்ட்ரோம் போன்ற சில குரோமோசோம் எண்ணிக்கை மாற்றங்களை மட்டுமே தேடுகிறது என்றும், தலசீமியாவை அது பார்ப்பதில்லை என்றும் பின்னர் ஓர் ஆலோசகர் கூறினார். அதில் "வாய்ப்புக் குறைவு" என்று வந்ததைக் காட்டி எச்.பி.எல்.சி.யை மறுத்த ஒரு தோழியையும் எனக்குத் தெரியும்.

மரபணு ஆலோசகர், சென்னை

மேலே கூறப்பட்ட குழப்பத்தோடு வருகிறவர்கள் ஏராளம். என்.ஐ.பி.டி.யில் ஆராயப்படும் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. எனவே டவுன் சிண்ட்ரோமுக்குக்கூட அது முடிவான விடை தருவதில்லை, ஐயம் வந்தால் ஊசிப் பரிசோதனையால் உறுதி செய்தே ஆக வேண்டும்.

நான் மிகுதியாகப் பேச வேண்டியிருப்பது நான்கில் ஒன்று என்ற கணக்கைப் பற்றித்தான். பெற்றோர் இருவரும் மைனராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை தலசீமியா மேஜருடன் பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தை மேஜராகப் பிறந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குக் கவலையில்லை என்று கணக்கிட்டு வந்த தந்தையிடம், ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகவே குலுக்கப்படுகிறது என்று சொன்னேன். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு குழந்தைக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் மனிதரிடம் இதைச் சொல்வது கடினம். எனினும் அடுத்த கர்ப்பத்துக்கு முன் சொல்லாமல் விடுவது அதனினும் தவறு.

ஒருவருக்கு மைனர் என்று தெரிந்ததும் உடன்பிறந்தோரையும் பரிசோதிக்கச் சொல்கிறேன். அப்போதுதான், "தங்கச்சிக்கு வரன் பாத்துட்டு இருக்கோம், இப்ப வேண்டாம் மேடம்" என்ற பதில் வருகிறது. சைப்பிரசில் திருமணத்துக்கு முன் இப்பரிசோதனைச் சான்றிதழைத் தேவாலயமே கேட்கும் வழக்கம் 1980களில் வந்தது. இருவரும் மைனர் என்று தெரிந்தபின்னும் பெரும்பாலான இணைகள் மணந்துகொண்டார்கள், கருவிலேயே பரிசோதனை செய்துகொண்டதால் மேஜருடன் பிறக்கும் குழந்தைகள் மட்டும் மிக அரிதாயின. இதை நான் அந்தக் குடும்பங்களிடம் தவறாமல் எடுத்துச் சொல்வேன்.

அதே தாய், சேலம்

ஆலோசகர் அம்மாவுக்கு நன்றி. என் கொழுந்தனுக்கும் மைனர்தான். பெண் பார்க்கத் தொடங்கும் முன்னரே அந்த அறிக்கையைப் பெண் வீட்டாரிடம் காட்டினோம். ஓர் இடம் தட்டிப்போயிற்று, அடுத்த இடத்தில் பெண்ணே தன் எச்.பி.எல்.சி. அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு ஏ2 2.6. மருத்துவர் ஐயாவிடம் ஒரு கேள்வி: மைனர் உள்ளவர்கள் இரும்புச்சத்து மாத்திரையை முற்றிலும் தவிர்க்க வேண்டுமா?

மகப்பேறு மருத்துவர், மதுரை

வேண்டியதில்லை, சகோதரி. உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, இருப்புக் குறைவாக இருந்தால் மற்ற கர்ப்பிணிகளைப் போலவே மாத்திரை தருகிறோம். இருப்பு போதுமானதாக இருந்தால் ஹீமோகுளோபின் குறைவாக உள்ளது என்பதற்காக மட்டும் கூடுதல் அளவோ, ஊசி வழி இரும்புச்சத்தோ கொடுப்பதில்லை. ஃபோலிக் அமிலத்தைத் தொடர வேண்டும்.