எலிக்கு கேட்ட ஞாபக மருந்து அப்பாவுக்கு கேக்குமா?

குடமுருட்டிக்கரை:
அப்பாவுக்கு 74. போன வாரம் ராத்திரி மடைய தெறந்து விட்டுட்டு வந்து படுத்துட்டாரு, தெறந்ததே ஞாபகம் இல்ல, விடிஞ்சு பாத்தா நாத்தங்கால் பூரா தண்ணி, தெளிச்ச வெதநெல்லு மூலைல ஒதுங்கி கெடக்கு. அதுலேர்ந்து நெட்ல தேடிட்டே இருக்கேன். இஸ்ரிப்னு ஒரு மருந்து, 2013-ல கலிபோர்னியாவுல பீட்டர் வால்ட்டர் லேப்ல எலிக்கு போட்டு ஞாபகம் கூடியிருக்கு, 2020-ல கெழட்டு எலிக்கும் கேட்டுருக்கு. இத எங்க வாங்கலாம்?

வயக்காட்டான்:
எலிக்கு ஞாபகம் கம்மின்னு யாரு சொன்னா? எங்க வயல்ல கிட்டி வெக்கிறவர கேளுங்க, ஒருதரம் தப்பிச்சது மறுபடி அந்த வரப்பு பக்கமே வராதும்பாரு. அதுக்கு மருந்து வேறயா சாமி 😀

மன்னை டீச்சர்:
அண்ணே அது வயல் எலி, இது சுண்டெலி. தொட்டித் தண்ணிக்குள்ள மேடைய மறைச்சு வெச்சு நீந்த விடுவாங்க, எடத்த ஞாபகம் வெச்சு போய் ஏறணும், மருந்து போட்டது சீக்கிரம் ஏறிடுச்சு. ஞாபகம் நெலைக்கணும்னா மூளை செல் புதுசா புரோட்டீன் செய்யணும். செல்லுக்கு நெருக்கடி வந்தா இஐஎஃப்2-ங்கிற புரோட்டீன்ல பாஸ்பேட் ஒட்டிக்கும், உற்பத்தி கொறஞ்சிடும், மடைய பாதி அடைச்ச மாதிரி. இஸ்ரிப் அந்த அடைப்ப எடுத்து விடுது.

வயக்காட்டான்:
அடைச்சது காரணத்தோடதான அடைச்சிருக்கும் டீச்சர்? ரோலிப்ராம்னு ஒரு மருந்து கதை தெரியும்ல, எலிக்கு ஞாபகம் கூடுச்சு, மனுசனுக்கு குடுத்தா கொமட்டல், வாந்தி. எலிக்கு வாந்தியே எடுக்க வராது, அது எப்புடி சொல்லும்? 1999-ல பிரின்ஸ்டன்ல ஜோ சியென் மூளைல என்ஆர்2பி-ங்கிற புரோட்டீன கூட்டி கெட்டிக்கார எலி உண்டாக்குனாரு, அப்பறம் பாத்தா அந்த மாதிரி எலிக்கு நாள்பட்ட வலி ஜாஸ்தியாம்.

மன்னை டீச்சர்:
வலி விஷயம் சரிதான், ஆனா அது ஜீனையே மாத்துனது, புரோட்டீனும் வேற, இதோட போட்டு கொழப்பாதீங்க. வாந்தி பாயிண்ட் ஒத்துக்கறேன், நாளைக்கு கிளாஸ்ல சொல்லிக்கறேன். குடமுருட்டி தம்பி, லேப் கெமிக்கல ஆன்லைன்ல வித்தாலும் வாங்கிடாதீங்க. பி12 கொறஞ்சாலும் தைராய்டு கொறஞ்சாலும்கூட மறதி வரும், மொதல்ல ரத்தம் டெஸ்ட் எடுங்க.

வயக்காட்டான்:
இதுக்கு நான் எதிர்ப்பு சொல்லல.

குடமுருட்டிக்கரை:
நாளைக்கு தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். வரேன்னுட்டாரு. பஸ் எத்தனை மணிக்குன்னு இதுவரைக்கும் மூணு தடவ கேட்டுட்டாரு.