கேபாக்ஸ் கீமோ நாலு சைக்கிள் போதுமா? அம்மா தையல் வேலை செய்பவர்

தையல்காரம்மா மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 56. திண்டுக்கல்லில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். பெருங்குடலின் கடைசிப் பகுதியில், சிக்மாய்டு என்கிற இடத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரிப்போர்ட்டில் டி3 என்1 என்று போட்டிருக்கிறார்கள். ‘டி’ கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போனது என்பதாம், ‘என்’ நெறிக்கட்டிகளில் பரவியதைச் சொல்வதாம். எடுத்த 18 நெறிக்கட்டிகளில் இரண்டில் கேன்சர் இருந்ததாம். அதனால் மூன்றாம் ஸ்டேஜ்.

இப்போது கேபாக்ஸ் ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸ், அப்புறம் 14 நாள் காலையும் இரவும் கேபெசிடபைன் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. முதல் டிரிப்ஸ் ஏறிய மறுநாள் விடியற்காலையில் வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்தார், விரல்கள் சுருண்டு அப்படியே நின்றுவிட்டார். பானைத் தண்ணீர் ஒரு வாய் குடித்ததும் தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருக்கிறது, மூச்சு வரவில்லை என்று பயந்துபோனார். நாலைந்து நாளில் எல்லாம் குறைந்துவிட்டது.

டாக்டர் நாலு சைக்கிள், அதாவது மூன்று மாதம் போதும் என்கிறார். மாமா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆறு மாதம் முழுசாகக் கொடுத்தார்களாம். காப்பீட்டு அட்டையில் பார்ப்பதால் பாதியில் முடிக்கிறார்களா என்று கேட்கிறார். அம்மாவோ, விரல் போய்விட்டால் எதைப் பிடித்துத் தைப்பேன் என்று அழுகிறார். கொக்கி வைப்பதும் ஹெம்மிங்கும் கையால்தான் செய்வார். இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டெப்போ மெக்கானிக் பதில்:

தாயி, முதலில் மாமாவுக்குப் பதில் சொல்கிறேன். அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு மூன்று மாத கேபாக்ஸ்தான் முழு வைத்தியம். அதில் எதையும் பாதியில் நிறுத்தவில்லை.

எனக்கு 2013இல் வலது பக்கப் பெருங்குடலில் வந்தது, அதே மூன்றாம் ஸ்டேஜ். மதுரையில் பஸ் டெப்போவில் வேலை. அப்போது இந்த ஸ்டேஜுக்கு ஆறு மாதம் என்பது மட்டும்தான் வழக்கம். ஐரோப்பாவில் 2,246 பேரை வைத்து மொசைக் என்று ஒரு ஆய்வு நடத்தி 2004இல் வெளியிட்டார்கள். பழைய 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை (அம்மாவின் கேபெசிடபைனும் உடம்புக்குள் போய் அதுவாகத்தான் மாறும்) மட்டும் கொடுத்ததில் மூன்று வருஷம் கேன்சர் திரும்பாமல் இருந்தவர்கள் 72.9 சதவீதம், ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்த்தபோது 78.2 சதவீதம். அந்த ஆய்வில் ஆறு மாதம் கொடுத்தார்கள், அதனால் உலகம் முழுக்க ஆறு மாதம் ஆனது. மாமாவுக்குத் தெரிந்தவரும் அந்தக் காலத்து ஆளாக இருக்கலாம். அல்லது அவருக்குக் கட்டி டி4 ஆகவோ, நாலு அல்லது அதற்கு மேற்பட்ட நெறிக்கட்டிகளில் பரவியதாகவோ இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இன்றும் டாக்டர்கள் பெரும்பாலும் ஆறு மாதம்தான் யோசிப்பார்கள்.

2018இல்தான் கணக்கு மாறியது. ஐடியா என்ற பெயரில் ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 12,834 பேரைப் பார்த்தார்கள். பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ், ஜப்பான், அமெரிக்கா, கிரீஸ் என்று பல நாட்டு நோயாளிகள். கட்டி டி1இலிருந்து டி3 வரை, மூன்று நெறிக்கட்டிக்குள் இருந்தவர்களுக்கு, அதாவது உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு, மூன்று மாதம் கேபாக்ஸ் கொடுத்ததில் மூன்று வருஷம் நோய் திரும்பாதவர்கள் 85 சதவீதம். ஆறு மாதம் கொடுத்ததில் 83.1. கூடுதலாகக் கொடுத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நரம்புப் பாதிப்புதான் கூடியது. வேலையைக் கெடுக்கிற அளவு மரத்துப்போனவர்கள் மூன்று மாதத்தில் 14 சதவீதம், ஆறு மாதத்தில் 45 சதவீதம். இதைத் தாளில் எழுதி மாமா கையில் கொடுங்கள். காப்பீட்டு அட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கையிலிருந்து பணம் கட்டுகிறவருக்கும் டாக்டர் இதையேதான் சொல்வார்.

இனி விரல் விஷயம். இதில் இரண்டு தனித்தனி சங்கதி இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பால் பாக்கெட் தொட்டதும் விரல் சுருண்டது, தொண்டை இறுகியது இரண்டும் குளிரால் வருவது. டிரிப்ஸ் ஏறிய அன்றோ மறுநாளோ வரும், சில நாளில் போய்விடும். எனக்கு ஸ்பேனரைத் தொட்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். தொண்டை இறுகும்போது மூச்சு நின்றுவிட்டது போலத் தோன்றும், ஆனால் உள்ளே காற்று போய்க்கொண்டுதான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு வாய் குடித்தால் இறங்கிவிடும். அதற்காக நிஜமான மூச்சுத் திணறலை அலட்சியம் செய்யக் கூடாது. உடம்பில் தடிப்பு, அரிப்பு, முகம் வீக்கம் சேர்ந்து வந்தால் அது அலர்ஜி, உடனே ஓட வேண்டும்.

இரண்டாவது வகைதான் அம்மாவின் தொழிலைத் தொடுவது. ஆக்ஸாலிபிளாட்டினில் இருக்கும் பிளாட்டினம் உடம்பில் சேரச் சேர விரல் நுனியிலும் பாதத்திலும் மதமதப்பு வந்து தங்கிவிடும், குளிர் தேவையில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. அடுத்த டிரிப்ஸுக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மாவை உட்கார வைத்து ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லுங்கள், கொக்கியை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்தும் மதமதப்பு இருக்கிறதா, நேற்று வந்ததா என்பதுதான் டாக்டருக்கு வேண்டிய தகவல். டாக்டர்கள் சட்டைப் பட்டன் போட முடிகிறதா என்று கேட்பார்கள். அம்மா தையல்காரர், கைப் பழக்கத்திலேயே பட்டனைப் போட்டுவிட்டு நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவார். நூல் கோர்ப்பதைச் சொல்லுங்கள்.

பத்தாம் நம்பர் நட்டா பன்னிரண்டா என்று கை தடவியே சொல்கிறவன் நான். எனக்கு 12 சைக்கிள் ஃபோல்ஃபாக்ஸ், அதாவது 5-எஃப்யூவும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்த டிரிப்ஸ், போட்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் நட்டு எது வாஷர் எது என்றே கை சொல்லவில்லை. டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்தி, மிச்ச சைக்கிளுக்கு 5-எஃப்யூ மட்டும் ஓட்டினார். அப்படிச் செய்வது வழக்கமான முறைதான், வைத்தியம் கைவிட்டுப் போவதில்லை. நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் மதமதப்பு கூடிக்கொண்டே போனது, அப்புறம்தான் இறங்கியது. இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள், இல்லாவிட்டால் அம்மா இனி தேறவே மாட்டேன் என்று நினைத்துவிடுவார். இன்று விரல்கள் எனக்குத் திரும்பி வந்துவிட்டன. பாதம் இன்னும் முழுசாக வரவில்லை. வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டுத்தான் நடக்கிறேன்.

கீமோ வார்டு நர்ஸ் பதில்:

தங்கச்சி, அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் வார்டுப் பக்கத்து விஷயங்களைச் சொல்கிறேன்.

தொண்டை இறுகியதை அடுத்த முறை டிரிப்ஸ் போடும் முன்பே நர்ஸிடம் சொல்லுங்கள். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் ஏற்றுவோம். தொண்டைத் தொல்லை வந்தவர்களுக்கு டாக்டர் ஆறு மணி நேரம் வரை நீட்டுவதுண்டு. மெதுவாக ஏறினால் தொல்லை குறையும். கை நரம்பில் ஏறும்போது கை முழுக்க வலித்தால் வெந்நீர்ப் பை வைக்கலாம், ஐஸ் பை கூடாது. ஆக்ஸாலிபிளாட்டினை சலைனில் கலக்க மாட்டோம், உப்பில் இருக்கும் குளோரைடு மருந்தைக் கெடுத்துவிடும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான். எல்லோருக்கும் சலைன், எங்கள் அம்மாவுக்கு மட்டும் குளுக்கோஸா என்று பலர் கேட்பதால் சொல்கிறேன்.

டிரிப்ஸுக்குப் பிறகு ஒரு வாரம் போல ஃபிரிட்ஜைத் திறக்கும் வேலையை வேறு யாராவது பாருங்கள். பல் தேய்க்க, குளிக்க வெந்நீர். மோர் குடிக்கலாம், ஃபிரிட்ஜில் வைத்தது வேண்டாம். வீட்டுக்கு வரும்போது பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள்.

மாத்திரையைச் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்து எரிந்தால் அது கேபெசிடபைன் செய்வது, ஆக்ஸாலிபிளாட்டின் அல்ல. தையல்காரருக்கு இதுவும் முக்கியம். டெல்லி எய்ம்ஸில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவிப் பார்த்து 2024இல் முடிவு வெளியிட்டார்கள். சும்மா ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்குக் கை கால் தோல் மோசமானது, மருந்து ஜெல் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான். வலிக்குத் தேய்ப்போமே, அதே ஜெல்தான். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நரம்புக்கு நல்லது என்று மெடிக்கலில் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் ஃபோலிக் ஆசிட் இருந்தால் கேபெசிடபைனின் வேகம் கூடி வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் அதிகமாகும். மரத்துப்போவதை முன்கூட்டியே தடுக்கிற மாத்திரை என்று எதுவும் நிரூபணமாகவில்லை. கால்சியம், மெக்னீசியம் ஏற்றிப் பார்த்தார்கள், பெரிய ஆய்வில் எடுபடவில்லை. வந்த பிறகு வலிக்கு டுலாக்செடின் கேட்கும், அதையும் டாக்டர்தான் எழுத வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

தையல்காரம்மா மகள் எழுதியது:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், அமைதியாகிவிட்டார். இன்னொரு சந்தேகம் கேட்டார். எதிர்வீட்டுக்காரருக்குத் தொண்டைக் கேன்சருக்கு சிஸ்பிளாட்டின் ஏற்றியதில் காது மந்தமாகி, கிட்னியும் கெட்டதாம். இதுவும் பிளாட்டினம்தானே? அம்மா தீபாவளி ஆர்டர் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

வேதியியல் வாத்தியார் பதில்:

இரண்டிலும் நடுவில் பிளாட்டினம் அணு இருக்கிறது, அதைச் சுற்றி இருப்பவைதான் வேறு. 1965இல் அமெரிக்காவில் ரோசன்பர்க் என்பவர் பாக்டீரியா இருந்த கரைசலில் பிளாட்டினம் கம்பி வழியாக மின்சாரம் விட்டார். பாக்டீரியா பிரியாமல் நீளமாக வளர்ந்தது. காரணம் மின்சாரம் அல்ல, கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம். அதிலிருந்து வந்ததுதான் சிஸ்பிளாட்டின். அது விதைப்பைக் கேன்சரில் பெரிய வெற்றி, பெருங்குடலில் எடுபடவில்லை.

1976இல் ஜப்பானின் நகோயாவில் கிதானி என்பவர் பிளாட்டினத்தோடு ஒரு பெரிய கார்பன் வளையத்தையும் ஆக்சலேட்டையும் சேர்த்து ஆக்ஸாலிபிளாட்டினை உருவாக்கினார். இரண்டு மருந்தும் டிஎன்ஏவில் ஒட்டி முடிச்சுப் போடும். ஆனால் அந்த வளையத்தால் முடிச்சின் வடிவம் மாறிவிடுகிறது. சிஸ்பிளாட்டினை அடையாளம் காணும் பழுதுபார்க்கும் புரதங்கள் இதை அதே மாதிரி பிடிப்பதில்லை. 5-எஃப்யூ வகை மருந்தோடு சேர்ந்தால்தான் இதன் பலமே. காதையும் கிட்னியையும் இது சிஸ்பிளாட்டின் அளவுக்குத் தொல்லை செய்யாது. விரல் நரம்பைத்தான் பிடிக்கும். கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையை மட்டும் டாக்டர் சொல்கிறபடி விடாமல் எடுங்கள்.

பழைய டெப்போ மெக்கானிக் பதில்:

ஆர்டர் எடுக்கலாம் தாயி, கை வேலையும் மனசுக்கு நல்லது. டிரிப்ஸ் ஏறிய முதல் வாரத்தில் மட்டும் கத்திரிக்கோல் பக்கம் போக வேண்டாம், இரும்பு ஜில்லென்று இருக்கும். மிஷின் தையல் ஜாக்கெட்டுகளை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஆரி வேலை, முத்துக் கோர்க்கிற வேலை மட்டும் இந்த வருஷம் வாங்க வேண்டாம். நாலாவது சைக்கிள் முடிந்த பிறகு வரும் மாதங்களில்தான் விரல் மதமதப்பு கூடலாம். முன்பணம் வாங்கியிருந்தால் இப்போதே பேசித் தேதி தள்ளிப் போடுங்கள்.