கிட் பாஸ் கிட்டார்: பாடியின் வெளிக்கோட்டை வெட்டலாமா, சரிவோடு நிறுத்த வேண்டுமா?

உளிமுனை

கிட் பாஸ் (துண்டுகளாக வாங்கி நாமே பூட்டும் பாஸ் கிட்டார்) என்றால் உப்புத்தாள் போடு, நிறம் அடி, மாட்டு, வெளிக்கோட்டில் மட்டும் கை வைக்காதே என்று இந்த மன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பி-பாஸ் (ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ்) வகை கிட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 45 மி.மீ. கனத்தில் பாஸ்வுட் என்ற மென்மையான மரத்தில் பாடி, அதாவது கிட்டாரின் உடல். நெக் பாக்கெட் (கிட்டாரின் கழுத்து உட்காரும் குழி), பிக்கப் குழி (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளுக்கு), கன்ட்ரோல் குழி (ஒலிக் குமிழ்களுக்கு) எல்லாம் குடைந்தே வருகின்றன. அரை மி.மீ. பிசகினாலும் கெட்டுப்போகும் வேலைகள் முடிந்துவிட்டன. மிச்சம் வெளி உருவம்தான், அதற்குப் பொறுமை இருந்தால் போதும்.

பாடி மேல் டிரேசிங் தாளை விரித்து ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் குழிகளின் விளிம்பு அப்படியே பதியும். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் 8 மி.மீ. தள்ளி எல்லைக்கோடு போடுங்கள். புதிய வடிவம் அதற்குள் நுழையக் கூடாது. பிறகு 12 மி.மீ. எம்.டி.எஃப்.பில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அச்சுப்பலகை. அதன் விளிம்பில் இருக்கும் சின்ன மேடுகூடப் பாடியில் இறங்கிவிடும் என்பதால் அங்கே நேரம் செலவிடுங்கள். பேண்ட்சாவில் கோட்டுக்கு 2-3 மி.மீ. வெளியே அறுத்துவிட்டு, மிச்சத்தை ரவுட்டரில் (சுழலும் பிட்டால் மரத்தைச் செதுக்கும் மின்கருவி) எடுக்கலாம்; பிட்டில் உள்ள பேரிங் அச்சுப்பலகையின் விளிம்பைத் தொட்டு ஓடும்.

அடிக்கட்டை

குழிகளுக்கு எல்லைக்கோடு போட்டீர்கள், எடைக்கு யார் போடுவது? 34 அங்குல ஸ்கேலில் (தந்தி அதிரும் நீளம்) நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு) 12-வது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த கம்பி) 432 மி.மீ. தூரம். தந்தியை முறுக்கும் டியூனிங் கீக்கள் நட்டுக்கும் 100 மி.மீ. அப்பால் தொங்குகின்றன. சாதாரண பாஸ் கீ ஒன்று 100 கிராம் அளவுக்கு வரும், அப்படி நான்கு. இவ்வளவையும் சமன் செய்வது 12-வது ஃப்ரெட்டை ஒட்டி நீளும் மேல் ஹார்னும் (பாடியின் கொம்பு போன்ற நீட்சி) அதன் நுனியில் தோள்வார் மாட்டும் ஸ்ட்ராப் பட்டனும்தான். அழகுக்காக ஹார்னை 30 மி.மீ. குறைத்தால் நெக் கீழே சாயும். அதோடு கருவி முழுவதுமே இடப்பக்கம் 30 மி.மீ. நகரும், முதல் ஃப்ரெட்டுக்குக் கை அவ்வளவு கூடுதலாக நீள வேண்டும்.

கீழ்ப்புறம் ஒல்லியாக்குவது இன்னும் மோசம். 300 மி.மீ. நீளத்துக்கு 20 மி.மீ. பட்டை எடுத்தால் 270 கன செ.மீ. மரம் போகிறது, பாஸ்வுட்டில் அது 110 கிராமுக்கு மேல். நெக்கின் எடைக்கு எதிர் எடையாக நின்றதே அதுதான். 1963-இல் வந்த கிப்சன் தண்டர்பேர்டில் ஸ்ட்ராப் பட்டன் ஹார்னில் இல்லை, நெக் சேரும் இடத்தின் பின்பக்கம் இருக்கிறது. நெக் சாய்வுக்குப் பேர்போன பாஸ் அது.

கையும் வயிறும் படும் இடங்களைச் சீவிச் சரிவு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. 1951-இல் வந்த முதல் ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ் தட்டைப் பலகை. 1954-இல் முன்கைச் சரிவும் வயிற்றுச் சரிவும் சேர்த்தார்கள். உடம்போடு பொருந்துவதற்கு அது போதும்.

மரத்தூள்

இரண்டு பேரும் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். அறுப்பதற்கு முன்னால் நிறம் இல்லாமலே எல்லாவற்றையும் மாட்டி, தந்தி கட்டிப் பாருங்கள். நட்டிலிருந்து ஜி தந்தியின் (மெல்லியது) சேடில், அதாவது பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் துண்டு, 864 மி.மீ.யில் நிற்கிறதா, ஈ தந்தியின் (தடித்தது) சேடில் அதைவிடச் சில மி.மீ. பின்னால் போக இடம் இருக்கிறதா? நெக்கின் இரு ஓரங்களிலும் தந்தி சம தூரத்தில் ஓடுகிறதா? பிரிட்ஜுக்கான ஓட்டையே தப்பான இடத்தில் இருக்கும் கிட்டுகள் உண்டு. பாடியை அறுத்த பிறகு அதைக் கண்டுபிடித்தால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

எடைச் சண்டையையும் அப்போதே தீர்க்கலாம். ஹார்ன் நுனியிலிருந்து 30 மி.மீ. உள்ளே கயிறு கட்டி, ஸ்ட்ராப் போல மாட்டிக்கொண்டு கையை எடுத்துப் பாருங்கள். கீழ்ப்புறம் வெட்டப்போகிறீர்கள் என்றால் ஹெட்ஸ்டாக்கில் (கீக்கள் இருக்கும் நெக்கின் தலை) 60 கிராம் சேர்த்துக் கட்டுங்கள். 110 கிராம் மரம் பட்டனிலிருந்து 300 மி.மீ. தூரத்தில் போவதும், கீக்கள் இருக்கும் 530 மி.மீ. தூரத்தில் 60 கிராம் கூடுவதும் ஏறக்குறைய ஒன்று.

உளிமுனை

இந்தச் சோதனை நல்லது, ஏற்கிறேன். ஆனால் முடிவு எப்போதும் "வெட்டாதே" என்றுதான் வரும் என்பதை ஏற்க மாட்டேன். கிட் நெக்கின் தலை பெரும்பாலும் அறுக்காத முழுப்பலகையாக வருகிறது. கீக்களை வைத்துப் பார்த்து, கீயின் பின்தகடு விளிம்புக்கு வெளியே தெரியாத அளவுக்குத் தலையைச் சுருக்கினால் எடை அங்கேயே குறைகிறது. எடை குறைந்த கீக்கள் போட்டால் மேலும் 150 கிராம் வரை போகும்.

ஹார்னை நீட்டவும் முடியும். மரத்தின் ரேகை போகும் திசையிலேயே பக்கவாட்டில் துண்டு ஒட்டினால் பசைக்குப் பிடி கிடைக்கும். நுனியில் குறுக்கு ரேகையோடு (ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட முனை) குறுக்கு ரேகை ஒட்டினால் நிற்காது, உள்ளே 10 மி.மீ. குச்சி இரண்டு வையுங்கள். கிளாம்ப் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், ரவுட்டரை மட்டும் மறுநாள்தான் அருகில் கொண்டுபோக வேண்டும்.

கீழ்ஸ்வரம்

மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், மேல்தோலைப் பற்றிப் பேசவில்லை. மேலே அலை அலையாக மேப்பிள் தெரியும் கிட்டுகளில் இருப்பது ஏறக்குறைய அரை மி.மீ. கனமுள்ள வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள். முன்கைச் சரிவுக்கு அரம் நாலு இழுப்பு இழுத்தாலே அது தீர்ந்து, வெளுத்த பாஸ்வுட் தெரியும். வெனீர் பாடியில் முன்பக்கம் சரிவே வேண்டாம், வயிற்றுச் சரிவோடு நிறுத்துங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் ஓரங்களில் கருமையாக இறங்கும் பர்ஸ்ட் நிறம் ஒன்றுதான் அந்த எல்லையை மறைக்கும்.

அடுத்தது சீலர், அதாவது மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு. பல கிட் பாடிகள் தொழிற்சாலையிலேயே மெல்லிய சீலர் பூசி வருகின்றன, கண்ணுக்குப் பூச்சில்லாத மரம் போலவே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் சீலர் இருக்கிறது, பரவிக் கறுத்தால் இல்லை. வெளிக்கோட்டை வெட்டியவர் ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறும் சாயம்) பூசும்போது, புதிதாக வெட்டிய பக்கச்சுவர் நிறத்தை உறிஞ்சும், சீலர் பூசிய முகப்பு உறிஞ்சாது. ஒரே பாடியில் இரண்டு நிறம். பொடி பறக்கும் வேலை, முகமூடி போட்டுக்கொண்டு 120 எண் உப்புத்தாளில் முழுவதும் உரித்து, தண்ணீர்ச் சோதனையைப் பத்து இடத்திலாவது செய்யுங்கள்.

அடிக்கட்டை

ஹெட்ஸ்டாக் விஷயம் சரி. ஆனால் வடிவம் மாற்றுகிறவர்கள் அடுத்துக் கை வைப்பது கீழ்க் கட்அவேயும் (மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்ட வெட்டிய உள்வளைவு) நெக் ஹீலும் (பாக்கெட்டுக்கு அடியில் இருக்கும் பாடி மரம்). அங்கேதான் கருவி பாழாகிறது. பாக்கெட் 16 மி.மீ. ஆழம், அடியில் மிஞ்சுவது 29 மி.மீ. மரம். திருகு 45 மி.மீ. திருகுத் தலைகளுக்கு அடியில் வரும் தகட்டின் கனம் போக நெக்குக்குள் 15 மி.மீ. ஏறும். அந்த 29 மி.மீ. மரத்தை 22 மி.மீ. ஆக இழைத்துவிட்டு அதே திருகைப் போட்டால் 22 மி.மீ. ஏறும். பாக்கெட்டில் உட்காரும் நெக்கின் அடிமுனை 25 மி.மீ. கனம்தான், அதில் மேலே 6 மி.மீ. ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட்டுகள் பதித்த பலகை). திருகு முனை அடியிலிருந்து ஃபிங்கர்போர்டைத் தள்ளி, கடைசி ஃப்ரெட்டுகளின் கீழே புடைக்கும். அந்த இடத்தில் தந்தி உரசுவதைப் பார்த்து ஃப்ரெட்டைத் தேய்க்கத் தொடங்குவார்கள், காரணம் பின்னால் இருக்கும்.

கட்அவேயை ஆழப்படுத்தினால் பாக்கெட்டின் பக்கச்சுவர் மெலிகிறது. ஏற்கெனவே அங்கேதான் பெயிண்ட் விரிசல் விடும்.

உளிமுனை

ஹீலை மெலிக்கிறவர் 38 மி.மீ. திருகு வாங்க வேண்டும், அவ்வளவுதான். தகட்டுக்குப் பதில் நான்கு தனி வளையங்கள் போட்டால் மூலையை உருட்டவும் இடம் கிடைக்கும். வளையம் பதியும் குழிக்குக் கீழே எத்தனை மி.மீ. மரம் மிஞ்சுகிறது என்று கணக்கிட்டுத் திருகின் நீளத்தை முடிவு செய்யுங்கள். பாக்கெட் சுவரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. திருகு ஓட்டைகளுக்கு வெளியே 10 மி.மீ. மரம் மிஞ்சாவிட்டால் கட்அவேயைத் தொடக் கூடாது.

மரத்தூள்

ரவுட்டர் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், பாடி உடைவது அங்கேதான். கையில் பிடிக்கும் ரவுட்டரை வெளி ஓரத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினாலும் ஹார்ன் நுனியிலும் இடுப்பு வளைவிலும் பிட் ஒரு பக்கம் ரேகைக்கு எதிராக ஏறும். அங்கே சிராய் பெயர்ந்தால் விரல் நீளத்துக்கு வரும். மேலே பேரிங் உள்ள பிட் ஒன்று, கீழே பேரிங் உள்ள பிட் ஒன்று வைத்திருந்தால் பாடியைத் திருப்பிப் போட்டு, எப்போதும் ரேகை இறங்கும் பக்கமாகவே வெட்டலாம். ஒரு தடவைக்கு 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம்.

ஜிக்சா (கையில் பிடிக்கும் மின் ரம்பம்) மட்டும் இருப்பவர்கள் கவனிக்க: 45 மி.மீ. கனத்தில் பிளேடு அடியில் வளைந்துவிடும். மேலே கோட்டின் மேல் போகும், கீழே 3-4 மி.மீ. உள்ளே தின்றிருக்கும். 5 மி.மீ. வெளியே அறுத்து, மூலைமட்டம் வைத்து அரத்தால் கொண்டுவாருங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் வெளிக்கோடு, அடுத்து 12.7 மி.மீ. ஆரத்தில் ஓரம் உருட்டுவது, கடைசியில் சரிவுகள். சரிவை முதலில் எடுத்தால் ரவுட்டரின் தட்டு அதன்மேல் சாய்ந்து ஓரத்தைக் கடித்துவிடும். நெக் பாக்கெட்டின் வாயில் ஓரத்தை உருட்டவே கூடாது, நெக்குக்கும் பாடிக்கும் இடையில் பள்ளம் தெரியும்.

முன்கைச் சரிவுக்கு முகப்பில் ஓரத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே ஒரு கோடு, பக்கச்சுவரில் 15 மி.மீ. கீழே ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் அரத்தால் சமமாக இறக்குங்கள். கோடு மறையும் வரை தேய்க்காமல், கோடு பாதி தெரியும்போது உப்புத்தாளுக்கு மாறுங்கள்.

கீழ்ஸ்வரம்

ஹார்ன் ஒட்டியவர்கள் பசை காய்ந்ததும் தேய்க்க அவசரப்படக் கூடாது. தண்ணீர் கலந்த பசை மூட்டை ஒட்டிய மரத்தை உப்ப வைக்கும். அந்த உப்பலோடு சமமாகத் தேய்த்தால், சில நாளில் ஈரம் போனதும் மூட்டு பள்ளமாக இறங்கும். பளபளப்பான கறுப்பு அடித்தால் அந்தக் கோடு தூரத்திலிருந்தே தெரியும். ஒரு வாரம் விடுங்கள்.

ஒட்டு வேலை செய்த பாடிக்கு ஸ்டெயின் ஒத்துவராது. பட்டி பார்த்து, 220 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, சீலர், பிரைமர், மறைக்கும் நிறம் என்றே போங்கள். வெட்டு மட்டும் செய்தவர்கள் ஸ்டெயின் பூசலாம். ஆனால் ஹார்ன் நுனிகளிலும் அடிப்புறத்திலும் குறுக்கு ரேகை இரட்டிப்பாகக் கறுக்கும் என்பதால் அங்கே முதலில் நீர்த்த ஷெல்லாக் ஒரு கோட் கொடுங்கள். பாஸ்வுட்டில் விழுந்த நசுங்கலை ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி கொடுத்தால் எழுப்பிவிடலாம். நிறத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது.

அடிக்கட்டை

என் நிலை இன்னும் அதேதான்: முதல் கிட்டில் மேல் ஹார்னையும் பாக்கெட்டைச் சுற்றிய மரத்தையும் தொடாதீர்கள். உளிமுனை சொல்லும் முறையில் கீழ் ஹார்னைச் சற்றுக் கூராக்கலாம், அங்கே எடை அவ்வளவு இல்லை, பட்டனும் இல்லை. பிக்கார்ட் (பாடியின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடு) உள்ள கிட்டாக இருந்தால் அதை வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள். கீழ் ஹார்னில் 10 மி.மீ. எடுத்தாலே பிளாஸ்டிக் ஓரம் வெளியே எட்டிப் பார்க்கும், அதையும் சேர்த்து வெட்டி ஓரத்தைச் சரிவாகச் சீவ வேண்டியிருக்கும்.

உளிமுனை

பிக்கார்டை அச்சுப்பலகையோடு சேர்த்து இருபக்க டேப்பால் ஒட்டி ஒரே வடிவத்தில் வெட்டுங்கள். ரவுட்டரின் வேகத்தைக் குறைத்து, பிட்டை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். நின்றால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும்.